நேற்று நின்ற இடம்

"ராபாட்டை யார் நகர்த்தினது?" என்று எங்கள் மேலாளர் வெங்கடேசன் சார் கேட்ட அன்று, நான் சொல்லாமல் விட்டது இதுதான்: யார் நகர்த்தியிருந்தாலும் என் ப்ரோக்ராம் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும், அது கேட்கவில்லை. எங்களோடு வேலை பார்த்த ஜெசிந்தா அக்காவைத் தெரிந்த பலருக்கு அந்த நாளைப் பற்றியும் தெரியும். ஆனால் தெரிந்தது பாதிதான். மீதியை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுதுவது சரியில்லை என்பதால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

செய்தி வந்தது போன மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. சேலையூரில் கேம்ப் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். போனில் ஜெசிந்தா அக்காவின் பெயர் வந்தது. எடுத்தவுடன் அவர் கேட்கும் முதல் கேள்வி "எங்க கீற?" என்பதால், அதற்கு முன்பே "கேம்ப் ரோட்ல நிக்கிறேன்க்கா" என்றேன். எதிர்முனையில் அவர் கணவர் அந்தோணி அண்ணன். "ஜெசி போய்ட்டாம்மா" என்றார். முந்தைய நாள் தலைவலி என்று சொல்லியிருக்கிறார். காலையில் எழுந்து காபி போடும்போது விழுந்துவிட்டார். மூளையில் ரத்தக்கசிவு. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. வயது நாற்பத்து மூன்று.

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அழுகை வருவதற்கு முன் எனக்குள் வந்த எண்ணம் இது: நல்லவேளை, அவரிடம் சொல்லிவிட்டேன். ஒருவர் இறந்த செய்தி கேட்டு முதலில் தன்னைப் பற்றி நினைப்பது அழகில்லைதான். ஆனால் அந்த நிம்மதியும் அவர் கொடுத்தது என்பதால் அதை மறைக்கவில்லை.

தொழிற்சாலைகளுக்கு ராபாட் அமைத்துத் தரும், தாம்பரத்தை அடுத்த எங்கள் ஷெட்டில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஜெசிந்தா அக்கா அங்கே பதிமூன்று வருஷமாக இருந்தார். டிப்ளமோ முடித்துவிட்டு வயரிங் பெஞ்சில் கேபிள் நுனி சீவுவதில் தொடங்கி, ராபாட் கன்ட்ரோலரைக் கையாளும் ஒரே ஆளாக வளர்ந்திருந்தார். முதல் நாள் மதியம் நான் சாப்பாட்டுக்கு முன் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தேன். எதிரே வந்து உட்கார்ந்து அதன் முதுகை இரண்டு விரலால் அளந்து பார்த்தார்.

"இன்னா இது, இவ்ளோ தடியா கீது. கடைசில யாரு சாவுறாங்க?"

"யாரும் சாகலக்கா."

"அப்போ இன்னாத்துக்கு இவ்ளோ பக்கம்?"

அன்றிலிருந்து என் பெயர் படிப்ஸ். மற்றவர்கள் என்னை அப்படிக் கூப்பிட்டிருந்தால் கோபம் வந்திருக்கும். நான் என்னைப் பற்றி அதிகம் பேசாதவள் என்பதை அவர் ஒரு வாரத்தில் கண்டுகொண்டார். அதன் பிறகு என் வீட்டைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "எங்க கீற" என்பதைத் தவிர.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். தொழிற்சாலை ராபாட் என்பது ஆறு மூட்டுகள் உள்ள ஒரு பெரிய கை. பக்கத்தில் பீரோ அளவுக்கு ஒரு இரும்புப் பெட்டி நிற்கும். அதுதான் கன்ட்ரோலர். வழக்கமாக, முன்கூட்டியே கன்ட்ரோலருக்குள் எழுதிவைத்த பாதையில் மட்டுமே கை போய்வரும். எங்கள் வாடிக்கையாளருக்கு அது போதவில்லை. கன்வேயர் பெல்ட்டில் கோணல்மாணலாக வரும் பொருளைக் கேமரா பார்க்கவேண்டும், கம்ப்யூட்டர் கணக்குப் போடவேண்டும், கை அந்த நொடியே அங்கே போகவேண்டும். அதற்குக் கம்ப்யூட்டருக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே ஒரு கேபிளில் ஓயாத பேச்சு நடக்கும். எட்டு மில்லி விநாடிக்கு ஒருமுறை கன்ட்ரோலர் தன் கை எங்கே நிற்கிறது என்று எண்களில் சொல்லும். அடுத்து எங்கே போகவேண்டும் என்று கம்ப்யூட்டர் பதில் சொல்லும். பதில் தாமதமானால் கன்ட்ரோலர் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். இதைத்தான் ஸ்ட்ரீமிங் என்போம். கம்ப்யூட்டர் பக்கம் என் வேலை. கன்ட்ரோலர் பக்கம் அவருடையது.

ஓட ஆரம்பித்துவிட்டால் அது பாட்டுக்கு ஓடும். தொடங்கும் அந்த ஒரு கணம்தான் ஆபத்து. கம்ப்யூட்டர் அனுப்பும் முதல் எண்கள், கை அப்போது நிற்கும் இடத்தின் எண்களாகவே இருக்கவேண்டும். வேறாக இருந்தால் கை ஒரே இழுப்பில் அங்கே போகப் பார்க்கும். "கம்ப்யூட்டருக்கு வாய் பெருசு" என்பார் அக்கா. "முதல்ல ஒரு நிமிஷம் வாயை மூடிக்கினு கேக்கச் சொல்லு. அது எங்க நிக்குதுன்னு அதுவே சொல்லும். சொன்னதையே திருப்பிச் சொல்லு. அப்புறமா நகர்த்து." கன்ட்ரோலர் பேச, நாங்கள் கேட்க மட்டும் செய்யும் அந்த ஒரு நிமிடத்தை அவர் தன் கைக்கடிகாரத்தில் பார்ப்பார். ஐம்பது விநாடியில் தொடங்கச் சொன்னாலும் விடமாட்டார்.

மனிதர்களுக்கும் அதே சட்டம். ஸ்ட்ரீம் தொடங்கும் முன் தரையில் சாக்பீஸால் ராபாட் கை எட்டும் எல்லைக்கு ஒரு கோடு போடுவார். பிறகு பெண்டன்ட்டை எடுத்துக்கொள்வார். பெண்டன்ட் என்பது கன்ட்ரோலரோடு கேபிளில் இணைந்த கைப்பெட்டி. அதன் பின்பக்கம் ஒரு சுவிட்ச் உண்டு. அதை அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் ராபாட்டுக்கு உயிர். அதைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் எங்க கீறீங்க?" என்று குரல் கொடுப்பார். ஒவ்வொருவரும் வாயைத் திறந்து சொல்லவேண்டும். "டேபிள்கிட்ட." "கதவுகிட்ட." "கன்வேயருக்குப் பின்னால." கண்ணெதிரே நிற்பவரும் சொல்லவேண்டும். ஒருமுறை வெங்கடேசன் சார், "நான்தான் உங்க பக்கத்துலயே நிக்கிறேனேம்மா" என்றார். "அத்த உங்க வாயால சொல்லுங்க சார்" என்றார் அக்கா. சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் ஜெசிந்தா பக்கத்துல" என்றார். ஷெட்டே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

இப்போது அந்த நாள்.

வாடிக்கையாளர் தரப்பில் இரண்டு பேர் முதல் ஸ்ட்ரீமைப் பார்க்க வந்திருந்தார்கள். அது சரியாக ஓடினால் அடுத்த வாரம் அவர்களுடைய தொழிற்சாலையில் பொருத்தும் வேலை. அதற்குப் பொறுப்பாளராக ஜெசிந்தா அக்கா போவதாக முடிவாகியிருந்தது. பதிமூன்று வருஷத்தில் முதல்முறை. புதிதாக ஒரு ஜோடி ஷூ வாங்கிவைத்திருந்தார். என் பக்கம் ஒரு சிக்கல் இருந்தது. கேட்கத் தொடங்கும்போது முதல் தகவல் சிலசமயம் தாமதமாக வந்து என் ப்ரோக்ராம் முரண்டுபிடித்தது. வந்தவர்கள் முன்னால் அப்படி நிற்கக்கூடாது என்று, முந்தைய நாள் மாலை கை நின்ற இடத்தின் எண்களை நானே ப்ரோக்ராமில் எழுதிவைத்துவிட்டேன். ராத்திரியில் ராபாட் எங்கே போய்விடப் போகிறது?

ஆனால் காலையில், நான் வருவதற்கு முன், கையின் நுனியில் பொருளைப் பிடிக்கும் கிரிப்பரில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருப்பதை அக்கா பார்த்திருக்கிறார். கையைக் கொஞ்சம் தள்ளிநிறுத்தி அதை முடுக்கியிருக்கிறார். அது அவர் வேலை. யாரிடமும் கேட்கத் தேவையில்லாத வேலை.

கோடு போட்டார். எல்லோரும் அவரவர் இடத்தைச் சொன்னார்கள். வந்தவர்களில் ஒருவரை, "சார், ரெண்டு அடி பின்னால போங்க" என்று நகர்த்தினார். பிறகு என்னைப் பார்த்து, "கேட்டியா?" என்றார்.

"கேட்டாச்சுக்கா" என்றேன்.

நேற்று கேட்டது. அது பொய் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அவர் கடிகாரத்தைப் பார்க்காமல் என்னை நம்பினார். வந்தவர்களைக் காக்கவைக்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். ஸ்ட்ரீம் தொடங்கியது. கை நேற்று நின்ற இடத்துக்கு ஒரே வீச்சில் போனது. வழியில் கேமரா ஸ்டாண்ட் இருந்தது. அக்கா சுவிட்சை விட்டுவிட்டார், கை நின்றது. அதற்குள் ஸ்டாண்ட் சாய்ந்து கேமரா தரையில் கிடந்தது. லென்ஸ் இரண்டு துண்டு. கேமரா வாடிக்கையாளருடையது. இரண்டு அடி பின்னால் போகாமல் இருந்திருந்தால் அந்த ஸ்டாண்ட் அந்த மனிதர் மேல் விழுந்திருக்கும்.

அப்போதுதான் வெங்கடேசன் சார் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"நான்தான் சார். காலைல கிரிப்பரை டைட் பண்ண நகர்த்தினேன்" என்றார் அக்கா.

"யார்கிட்டயும் சொல்லாம எதுக்கு நகர்த்தினீங்க?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் லேப்டாப்பைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலமே ப்ரோக்ராமைத் திருத்தினேன். பத்து நிமிட வேலை. வாயை மட்டும் திறக்கவில்லை. மறுநாள் அக்காவிடம், கொஞ்ச நாள் வயரிங் பாருங்கள் என்று சொல்லப்பட்டது. புதுக் கேமரா வரும்வரை தள்ளிப்போன தொழிற்சாலை வேலைக்கு வேறொருவரை அனுப்புவதாகப் பேச்சு. அவர் தொடங்கிய அதே பெஞ்சில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து கேபிள் நுனி சீவினார். காலில் அந்தப் புது ஷூ.

பதினொரு நாள். நான் எனக்கே சொல்லிக்கொண்ட சமாதானங்கள் நன்றாக எழுதப்பட்டவை; படித்த படிப்பு அதற்கு உதவியது. நான் புதியவள், என்னை அனுப்பிவிடுவார்கள். அவர் பழையவர், தாங்கிக்கொள்வார். கோபம் ஆறினால் சார் தானாகவே அவரைக் கூப்பிடுவார். பள்ளிக்கரணையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து சதுப்பு நிலம் தெரியும். தினமும் காலையில் அங்கே நின்று, இன்று சொல்லிவிடுவது என்று முடிவெடுப்பேன். தாம்பரம் போய்ச் சேர்வதற்குள் அது நாளையாகிவிடும். இத்தனைக்கும் மதியச் சாப்பாட்டின்போது அக்கா வழக்கம்போல எதிரே வந்து உட்கார்ந்தார். ஒருநாள் என் டப்பாவில் இரண்டு வறுத்த நெத்திலியை வைத்து, "துன்னு. முள்ளு இன்னா பண்ணிடும்" என்றார். எனக்கு இறங்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. வயரிங் பெஞ்ச் அருகே போய் நின்றேன்.

"அக்கா, அன்னிக்கு நான் கேக்கல. கேட்டாச்சுன்னு சொன்னேன், ஆனா கேக்கல. முந்தின நாள் நம்பரை அனுப்பிட்டேன். தப்பு என்மேலதான்."

அவர் கையிலிருந்த கேபிளைச் சீவி முடித்தார். அடுத்ததை எடுத்தார்.

"தெரியும்."

"எப்போ தெரியும்?"

"அன்னிக்கு சாயங்காலமே." சாப்பாட்டுப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். கன்ட்ரோலரின் பதிவிலிருந்து எடுத்த இரண்டு வரி எண்கள். மேல்வரி கை நின்ற இடம். கீழ்வரி நான் அனுப்பிய இடம். இரண்டுக்கும் நடுவே பேனாவால் ஒரு கோடு. "நேத்து நின்ன இடத்தை அனுப்பி கீற. அத்தக் கண்டுபுடிக்க எனுக்கு இன்ஜினியரிங் வேணுமா?"

"அப்போ ஏன்க்கா சார்கிட்ட சொல்லல?"

"நீயா வருவேன்னு பாத்தேன். திங்கக்கிழமை வரைக்கும் டைம் வெச்சிருந்தேன். நீ வரலன்னா திங்கக்கிழமை இந்த பேப்பர் சார் டேபிள்ல கீது. நான் ஒன்னும் மாதா கெடையாது, படிப்ஸ். அந்த ஃபேக்டரி சைட்டு என்னோடது."

அவரைப் பற்றி மேடைகளில் பேசினால், பெருந்தன்மையால் பழியைச் சுமந்தார் என்று சொல்லத் தோன்றும். அது உண்மையில்லை. அவர் பழியைச் சுமக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் நேரம் கொடுத்தார், அதற்கு ஒரு எல்லையும் வைத்தார். யோசிக்க யோசிக்க அதுதான் பெரிதாகத் தெரிகிறது. சும்மா மன்னித்திருந்தால் நான் அவர் முகத்தைப் பார்த்திருக்கவே முடியாது.

"கூட வரீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"தனியா போ. நான் வந்தா உன்னை இழுத்துகினு வந்த மாதிரி இருக்கும்."

போனேன். வெங்கடேசன் சார் முழுவதையும் கேட்டார். "இவ்ளோ நாள் ஏன் சொல்லல?" என்றார். "பயம் சார்" என்றேன். வேறு காரணங்கள் எல்லாம் அப்போது ஞாபகம் வரவில்லை. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஜெசிந்தாவை வரச்சொல்லு" என்றார். நான் வெளியே நின்றேன். கதவு சரியாக மூடாது என்பது ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"சாரி ஜெசிந்தா. நான் தப்பான கேள்வி கேட்டுட்டேன்."

"சாரி கெடக்கட்டும் சார். அந்த கேமரா ஸ்டாண்டு வெச்ச எடமே பேஜாரு. மொதல்ல அத்த மாத்துங்க."

"மாத்திடலாம். சைட்டுக்கு நீங்களே போங்க."

"போறேன். அந்தப் பொண்ணையும் கூட அனுப்புங்க."

"அவளையா?"

"இனிமே அது கேக்காம ஸ்டார்ட் பண்ணாது சார். மத்தவங்களைப் பத்தி எனுக்குத் தெரியாது."

திங்கட்கிழமை மறுபடி தொடங்கினோம். சாக்பீஸ் கோடு. எல்லோரும் இடம் சொன்னார்கள். கடிகாரத்தில் முழுதாக ஒரு நிமிடம். என் திரையில் எண்கள் வந்துகொண்டே இருந்தன, எட்டு மில்லி விநாடிக்கு ஒன்று. கை எங்கே நிற்கிறது, எங்கே நிற்கிறது, எங்கே நிற்கிறது. "கேட்டியா?" என்றார். எண்களை வாய்விட்டுப் படித்தேன். அவர் பெண்டன்ட்டில் பார்த்துத் தலையசைத்தார். தொடங்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. கை இருந்த இடத்திலேயே இருந்தது. நான் பயந்துபோய் அவரைப் பார்த்தேன். "அதான். ஓடிகினு கீது" என்றார். "நல்லா ஸ்டார்ட் ஆனா ஒன்னும் ஆவாது." அதன் பிறகு நான் அனுப்பிய எண்களுக்குக் கை மெல்ல எழுந்து நகர்ந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. அக்கா சுவிட்சைப் பிடித்த கையை மாற்றிக்கொண்டு, இன்னொரு கையால் நெற்றியைத் துடைத்தார். எனக்கு அன்றுதான் இரண்டு வாரத்துக்குப் பிறகு பசித்தது.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு நான்கு தொழிற்சாலைகளுக்குச் சேர்ந்து போனோம். எல்லா இடத்திலும் அவர்தான் பொறுப்பு. ஒருமுறை என்னிடம் புத்தகம் கேட்டார். "சோகம் வேணாம். பக்கம் கம்மியா இருக்கணும்." கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துத் திருப்பித் தந்தபோது எப்படியிருந்தது என்று கேட்டேன். "ஒருத்தனும் கேட்டதுக்கு பதில் சொல்ல மாட்றான். சொல்லிருந்தா ரெண்டாம் பக்கத்துலயே முடிஞ்சிருக்கும்" என்றார். அதைவிடச் சரியான விமர்சனத்தை அந்தப் புத்தகத்தைப் பற்றி நான் படித்ததில்லை.

அடக்கத்தன்று மாடம்பாக்கத்தில் அவர்கள் வீட்டு வாசலில் ஷெட்டிலிருந்து எல்லோரும் நின்றிருந்தோம். அந்தோணி அண்ணன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். எங்களிடம் வந்து, "ஆபீஸ்ல அவ இன்னாதான் பண்ணா? எத்தினியோ தடவை சொல்லிகீறா, எனுக்கு ஒன்னும் புரியாது" என்றார். வெங்கடேசன் சார்தான், ராபாட்டை ஓட்டும் முன் எல்லோரையும் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பார் என்று சொன்னார்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்து, "அங்கயுமா?" என்றார். "சவாரில கீறேன்னு தெரியும், தெரிஞ்சே போன் பண்ணுவா. எங்க கீறன்னு கேப்பா. கேம்ப் ரோடும்பேன். சரின்னு வெச்சிடுவா. அவ்ளோதான். வேற ஒன்னும் கெடையாது."

நாங்கள் சிரித்துவிட்டோம். அவரும் சிரித்தார். துக்க வீட்டில் அப்படிச் சிரித்ததற்கு ஒருவரும் எங்களை முறைக்கவில்லை.

அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. இரண்டு வரி எண்கள், நடுவில் அவர் பேனாக்கோடு. அதை அவர் திருப்பிக் கேட்கவில்லை, நானும் கிழித்துப்போடவில்லை. அவர் கேள்வியும் என்னிடம் இருக்கிறது. அம்மாவிடம் ஏதாவது வாதாடத் தொடங்கும் முன், நண்பர்களுக்குக் கடுமையாகப் பதில் எழுதும் முன், ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு அவர்கள் இப்போது எங்கே நிற்கிறார்கள் என்று கேட்கப் பார்க்கிறேன். நேற்று எங்கே நின்றார்கள் என்பதை வைத்துத் தொடங்குவதில்லை. பாதி தடவை மறந்துவிடுகிறது. மீதி பாதி தடவை ஒன்றும் உடைவதில்லை.

அடக்கம் முடிந்த மறுவாரம், பாதியில் நின்றிருந்த வேலையைத் தொடங்கவேண்டியிருந்தது. கன்ட்ரோலர் பக்கமும் நானே பார்க்கிறேன் என்றேன். தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன். என்னுடையது கொஞ்சம் கோணல். பெண்டன்ட்டைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் எங்கே என்று கேட்டேன். டேபிள்கிட்ட என்றார்கள், கதவுகிட்ட என்றார்கள். வெங்கடேசன் சார், "நான் உன் பக்கத்துல" என்றார். ஒரு நிமிடம் கேட்டேன். தொடங்கினேன். கை அசையவில்லை.